விதானையாரின் கடிதமும் அலுவலகக் கடவுச்சொற்களும்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் கணினி வேலைகளைக் கவனித்துவந்த நிறுவனமொன்றின் வவுனியாக் கிளையில், நிதிப் பிரிவில் நான்கு வருடங்கள் வேலை செய்தவர். வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய் ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. கணக்காய்வுக்கு வந்தவர்கள் கொடுப்பனவு மென்பொருளின் பதிவுகளைப் பார்த்தபோது, விநியோகத்தர் ஒருவரின் வங்கிக் கணக்கு இலக்கம் மாற்றப்பட்டு, புதிய இலக்கத்துக்கு 1 இலட்சத்து 87 ஆயிரம் ரூபா அனுப்பப்பட்டிருந்தது தெரியவந்தது. மாற்றியவர் யார் என்ற இடத்தில் இவருடைய பெயர் இருந்தது. திகதியோ அவர் போய் ஏழு மாதங்களுக்குப் பிந்தியது.

தொலைபேசியில் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. “அண்ணை, நான் அங்கையிருந்து வந்து ஒன்பது மாசம். என்ரை பேர் இன்னும் ஏன் அதுக்குள்ளை கிடக்கு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கணக்கை மூடியிருக்க வேண்டியவன் நான்.

உண்மையில் நான் மூடியிருந்தேன். பிழை அங்கேதான். வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. தகப்பனாரின் பெயருக்குப் பதிலாகக் கணவரின் பெயர் வந்தது. மின்னஞ்சல் முகவரியும் மாறியது. கொடுப்பனவு மென்பொருளுக்கு அது ஒரு புதிய ஆள். புதிய பெயரில் புதிய கணக்குத் திறந்தோம், பழையது அப்படியே கிடந்தது. அவர் விலகியபோது நான் மூடியது புதிய பெயரை மட்டும்தான்.

பதினொரு நாட்கள் விசாரணை நடந்தது. கிளைக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு மூன்று வாரங்களாகச் சொந்தக் கணக்குத் திறந்து கொடுக்கப்படவில்லை. முன்பு கல்யாண லீவில் போகும்போது, வேலை நிற்கக்கூடாது என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கடவுச்சொல் துண்டு மேசை லாச்சிக்குள் இருந்தது. புதியவர் அதைப் பாவித்திருக்கிறார். விநியோகத்தர் உண்மையாகவே வங்கியை மாற்றியிருந்தார். பணம் போகவேண்டிய ஆளுக்கே போயிருந்தது. ஒருவரும் களவெடுக்கவில்லை. ஆனால் அந்தப் பதினொரு நாட்களும் அந்தப் பெண் சந்தேகநபராக இருந்தார். அவருடைய புதிய அலுவலகம் நன்னடத்தை விசாரித்து அனுப்பிய கடிதத்துக்கு எங்கள் நிர்வாகம் பதில் எழுதாமல் வைத்திருந்தது.

கடவுச்சொல் என்றால் கள்ளனை வெளியே நிறுத்தும் பூட்டு என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: இதைச் செய்தது இன்னார், இதைச் செய்யாதவர் இன்னார் என்று சாட்சி சொல்வது. அந்தச் சாட்சி கெட்டுப்போனால் முதலில் அடிபடுவது குற்றமற்றவர்தான்.

ஒரு சாதாரண அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல், சம்பளம், கணக்கு, வரவுப் பதிவு, கோப்புக் களஞ்சியம், வாடிக்கையாளர் விபரம், இணையவழிக் கூட்டம். எங்களிடம் ஏழு இருந்தன. ஏழுக்கும் ஏழு பயனர் பெயர்கள், ஏழு கடவுச்சொற்கள். யாராலும் ஏழை நினைவில் வைத்திருக்க முடியாது. ஆகவே ஒன்றையே ஏழுக்கும் போடுவார்கள், அல்லது எழுதி ஒட்டுவார்கள். ஒருவர் விலகும்போது ஏழு இடத்திலும் ஞாபகமாக மூடவேண்டும். ஆறை மூடிவிட்டு ஏழாவதை மறப்பதுதான் வழமை.

இந்தச் சிக்கலுக்குக் கணினி உலகம் கண்ட வழிதான் ஒற்றை உள்நுழைவு. ஒரு தடவை ஓரிடத்தில் உங்களை நிரூபித்துவிட்டால், மற்ற மென்பொருட்கள் எல்லாம் அதை ஏற்றுக் கதவைத் திறக்கும். அந்த மென்பொருட்கள் வேறு வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தாலும் ஒன்றின் வாக்கை மற்றது நம்பும்படி செய்துகொள்ளும் ஏற்பாட்டைக் கூட்டமைப்பு முறை என்கிறார்கள். பெயர் புதிதாக இருக்கலாம். விடயம் எங்களுக்குப் பழையது.

வங்கியில் கணக்குத் திறக்கப் போகிறீர்கள். வங்கிக்கு உங்களைத் தெரியாது. விதானையாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். கிராம உத்தியோகத்தர் உங்களைப் பார்க்கிறார், அடையாள அட்டையைப் பார்க்கிறார், இவர் என் பிரிவில் வசிப்பவர் என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்துகிறார். வங்கி விதானையாரை நம்புகிறது, அதனால் உங்களையும் நம்புகிறது. நீங்கள் விதானையாரிடம் எதைக் காட்டி உங்களை நிரூபித்தீர்கள் என்பது வங்கிக்குத் தேவையில்லை.

ஒற்றை உள்நுழைவும் இதேதான். நீங்கள் சம்பள மென்பொருளைத் திறக்கிறீர்கள். அது உங்களிடம் கடவுச்சொல் கேட்காமல், உங்கள் உலாவியை ‘அடையாள வழங்குநர்’ எனப்படும் இன்னொரு சேவைக்கு அனுப்பிவைக்கிறது. இதுதான் விதானையார். அங்கே கடவுச்சொல்லும், பெரும்பாலும் கைபேசிக்கு வரும் இரண்டாவது சோதனையும் நடக்கும். எல்லாம் சரியென்றால் ஒரு சிறிய மின்கடிதம் எழுதப்பட்டு, உங்கள் உலாவி வழியாகவே சம்பள மென்பொருளுக்கு வந்துசேரும். உங்கள் கடவுச்சொல் சம்பள மென்பொருளைத் தொடுவதே இல்லை. ஆகவே அந்த நிறுவனத்தை யாராவது உடைத்தாலும் அங்கே எடுப்பதற்கு உங்கள் கடவுச்சொல் கிடையாது.

அந்த மின்கடிதத்தில் என்ன இருக்கும்? விதானையாரின் கடிதத்தில் இருப்பவைதான். யார் எழுதியது, யாரைப் பற்றியது, எந்த நிறுவனத்துக்கு முகவரியிட்டது, எப்போது வரை செல்லுபடியாகும். வங்கிக்கு என்று எழுதிய கடிதத்தைப் பாடசாலை அனுமதிக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்; மென்பொருளும் அப்படியே திருப்பி அனுப்பவேண்டும். ஒரு வித்தியாசம், இதன் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். முத்திரையின் இடத்தில் எண்முறைக் கையெழுத்து இருக்கும். அதை இடுவதற்கான இரகசியச் சாவி அடையாள வழங்குநரிடம் மட்டும். சரிபார்ப்பதற்கான பகிரங்கச் சாவி எல்லோரிடமும். முத்திரையின் மாதிரி அச்சை வங்கி வைத்திருப்பதுபோல: ஒப்பிட்டுப் பார்க்கலாம், புதிதாகக் குத்த முடியாது.

இதன் வேர்கள் பழையவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1983இல் தொடங்கிய அத்தீனா திட்டத்திலிருந்து ‘கெர்பரோஸ்’ என்ற முறை பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. ஆனால் அது ஒரே வளாகத்துக்குள் ஓடுவதற்கு ஏற்றது. வேறு வேறு நிறுவனங்களுக்கிடையே கடிதம் கொண்டுபோக ‘சாமல்’ வந்தது. இன்று அலுவலகங்களில் ஓடும் அதன் இரண்டாம் பதிப்பு 2005 மார்ச்சில் நியமமானது. 2014 பெப்ரவரியில் ‘ஓப்பன்ஐடி கனெக்ட்’ வந்தது. இணையத்தளங்களில் நீங்கள் அழுத்தும் “கூகுள் மூலம் உள்நுழைக” பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இந்த வரலாற்றில் ஒரு பெயர் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது. பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பாவிக்கும் ஒற்றை உள்நுழைவு மென்பொருளின் பெயர் ‘ஷிபோலேத்’. விவிலியத்தில் நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் வரும் சொல். யோர்தான் ஆற்றுத்துறையில் தப்பி வருபவர்களை நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதலெழுத்தைச் சரியாக உச்சரிக்க முடியாதவன் எதிரி இனத்தவன் என்று கொல்லப்பட்டான். மென்பொருளுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அது ஆளை அடையாளம் காணும் சொல், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படிக் கடந்துபோவது கடினம். 1983இல் கொழும்பு வீதிகளில் வாகனங்களை மறித்து ‘பால்திய’ என்று சொல்லச் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வாளிக்கான சிங்களச் சொல் அது. அதன் முதல் ஒலியை எங்கள் எழுத்தில் தனியாகப் பிரித்து எழுதிக்காட்டக்கூட முடியாது. நீ யார் என்று நிரூபி என்பது எங்கும் அதிகாரத்தின் கேள்வி. யார் கேட்கிறார்கள், பதிலை வைத்து என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்கவேண்டும். (எங்கள் பல்கலைக்கழகங்களையும் இந்த முறை எட்டியிருக்கிறது. இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான ‘லேர்ன்’ அப்படியொரு கூட்டமைப்பை நடத்துகிறது.)

சரி, எல்லாக் கதவுக்கும் ஒரு விதானையார் என்றால், அந்த முத்திரை திருட்டுப்போனால்?

போயிருக்கிறது. 2020இல் சோலர்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருளுக்குள் ஊடுருவியவர்கள், அதன் வழியாக அமெரிக்க அரச திணைக்களங்கள் வரை போனார்கள். சில இடங்களில் அவர்கள் கடவுச்சொல் எதையும் உடைக்கவில்லை. கையெழுத்திடும் இரகசியச் சாவியையே எடுத்து, தாங்கள் விரும்பிய பெயருக்குத் தாங்களே கடிதம் எழுதிக்கொண்டார்கள். முத்திரை அசலாக இருந்ததால் கதவுகள் திறந்தன. அது வெளிச்சத்துக்கு வந்த விதமும் கவனிக்கத்தக்கது. ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தில் ஊழியர் ஒருவரின் கணக்கில் இரண்டாவது கைபேசியொன்று பதிவாகியிருந்தது. உங்களுடையதா என்று ஒருவர் கேட்டார், இல்லை என்றார் அவர். நூல் அங்கிருந்துதான் பிரிந்தது.

2023இல் நடந்தது இன்னும் வியப்பானது. மைக்ரோசொப்ட் தனிநபர் கணக்குகளுக்காக 2016இல் உருவாக்கிய ஒரு கையெழுத்துச் சாவி, சீனாவோடு தொடர்புடையதெனக் கூறப்படும் குழுவொன்றின் கைக்குப் போனது. அதை வைத்து அவர்கள் நிறுவனங்களின் மின்னஞ்சல்களைத் திறந்தார்கள். ஒரு கிராமத்து விதானையாரின் முத்திரையை அடுத்த மாவட்டத்துப் பிரதேச செயலகம் பார்க்காமலே ஏற்றதுபோன்ற கதை. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 60,000 மின்னஞ்சல்கள் போயின. கண்டுபிடித்தது அந்தத் திணைக்களமே. மேலதிகப் பணம் கட்டி வாங்கியிருந்த பதிவு வசதி அவர்களிடம் இருந்ததால் முடிந்தது. கட்டாதவர்களுக்கு அந்தப் பதிவு அப்போது கிடையாது. விசாரித்த அமெரிக்கக் குழு, தடுத்திருக்கக்கூடிய சம்பவம் என்று 2024 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது.

முத்திரையைத் திருடாமல் எழுதுவினைஞரை ஏமாற்றுவதும் உண்டு. 2023 செப்டெம்பரில் எம்.ஜி.எம். ஹோட்டல் குழுமத்துக்குள் புகுந்தவர்கள், உதவி மேசைக்குத் தொலைபேசி எடுத்து ஊழியரைப்போலப் பேசியே நுழைந்ததாகச் செய்திகள் வந்தன. ஏற்பட்ட பாதிப்பு சுமார் 100 மில்லியன் டொலர் என்று நிறுவனமே சொன்னது.

இவற்றைப் படித்துவிட்டு, அப்படியென்றால் ஏழு பூட்டே நல்லது என்று என் மேலாளர் ஒருமுறை வாதாடினார். நான் உடன்படவில்லை. மேலே சொன்னவை அரசுகளின் ஒற்றர்களும் தேர்ந்த கும்பல்களும் செய்தவை. எங்களைப் போன்ற அலுவலகங்கள் விழுவது மறந்துபோன கணக்குகளால். பெரிய நிறுவனங்களும் அப்படி விழுந்திருக்கின்றன: 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரையோர எரிபொருள் விநியோகத்தை நாட்கணக்கில் பாதித்த கொலோனியல் பைப்லைன் தாக்குதல், ஒருவரும் பாவிக்காமல் மூடப்படாமல் கிடந்த ஒரு தொலை இணைப்புக் கணக்கின் வழியாகத் தொடங்கியது. இரண்டாவது சோதனை எதுவும் அதற்கு இருக்கவில்லை. நிறுவனம் கட்டிய கப்பம் 4.4 மில்லியன் டொலர். வவுனியா லாச்சிக்குள் கிடந்த துண்டும் அதே சாதிதான்.

பின் ஏன் எல்லோரும் மாறவில்லை? காரணம் பணம். பல மென்பொருள் நிறுவனங்கள் ஒற்றை உள்நுழைவைச் சாதாரணத் திட்டத்தில் தருவதில்லை. அது வேண்டுமென்றால் பெரிய நிறுவனங்களுக்கான விலையுயர்ந்த திட்டத்துக்கு ஏறவேண்டும். துறையிலுள்ளவர்கள் இதைக் கேலியாக ஒற்றை உள்நுழைவு வரி என்பார்கள். சிறு நிறுவனங்களை இது தடுக்கிறது என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகவரகமே 2024இல் எழுதியது. 2022இல் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 வரை போன டொலரில் மாதச்சந்தா கட்டிய எங்களுக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாகனத்துக்கு பிரேக் வேண்டுமென்றால் சொகுசு ரகத்தை வாங்கு என்பதுபோன்ற வியாபாரம் இது.

இலவசமான வழிகள் இருக்கின்றன. ‘கீகுளோக்’ என்ற திறந்தமூல மென்பொருளை யாரும் நிறுவிக்கொள்ளலாம். இன்னொன்று எங்களுக்குக் கிட்டவே இருக்கிறது. உலகின் பல பெரிய நிறுவனங்கள் அடையாளச் சோதனைக்குப் பாவிக்கும் ‘டபிள்யூ.எஸ்.ஓ.டூ ஐடென்டிட்டி சேர்வர்’ இலங்கையில் 2005இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. அதுவும் திறந்தமூலம்தான். அதன் பொறியியலாளர்கள் கொழும்பில் இருந்து எழுதிய நிரல்கள் வெளிநாடுகளில் கதவு காக்கின்றன. அதே கொழும்பில் கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் துண்டில் கடவுச்சொல் ஒட்டியிருக்கும் அலுவலகங்களை நான் கண்டிருக்கிறேன். இலவசம் என்றாலும், நிறுவிப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் சிறு அலுவலகங்கள் வைத்திருப்பதில்லை.

நாங்கள் செய்தது சிறிய அளவு. மின்னஞ்சல் சேவையையே அடையாள வழங்குநராக்கினோம், ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருந்தோம். ஏழில் நான்கு இணைந்தன. செய்யும்போதுதான் சில குழிகள் தெரிந்தன.

முதலாவது, பெயர். பெரும்பாலான மென்பொருட்கள் மின்னஞ்சல் முகவரியையே ஆளின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. எங்கள் ஊரில் அது ஆபத்து. திருமணத்தோடு பெயர் மாறும். முதலெழுத்து தகப்பனுடையதா கணவருடையதா என்று ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவோம். விலகிப்போன குமாரின் முகவரியை அடுத்து வந்த குமாருக்குக் கொடுத்தால், முன்னவர் பார்க்கக்கூடிய கோப்புகள் எல்லாம் பின்னவருக்குத் திறக்கும். ஓப்பன்ஐடி கனெக்டில் ஆளுக்கொரு மாறாத இலக்கம் வருகிறது. மென்பொருள் அதைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும். அந்தப் பெண்ணின் இரண்டு கணக்குகளையும் ஒரே ஆளென்று காட்டியிருக்கக்கூடியது அந்த இலக்கம்தான்.

இரண்டாவது, பின்கதவு. ஒற்றை உள்நுழைவை இயக்கியதும் பழைய கடவுச்சொற்கள் தாமாகச் செத்துவிடுவதில்லை. பல மென்பொருட்களில் இரண்டு வழியும் திறந்தே இருக்கும். பழையதைக் கையால் அடைக்கவேண்டும். நாங்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தோம். அதோடு, விதானையார் இனிக் கடிதம் கொடுக்கமாட்டார் என்றாலும் ஏற்கெனவே வங்கிக்குள் இருப்பவர் வெளியே வந்துவிடமாட்டார். காலையில் உள்நுழைந்தவரின் அமர்வு, கணக்கை மூடிய பின்னும் மாலைவரை உயிரோடிருக்கலாம். அதைத் தனியாகத் துண்டிக்கவேண்டும்.

மூன்றாவதைப் பற்றி ஊழியர்கள் கேட்டார்கள், நியாயமாகவே. விதானையாருக்கு நீங்கள் எதற்கெல்லாம் கடிதம் வாங்கினீர்கள் என்று தெரியும். அடையாள வழங்குநருக்கும் நீங்கள் எந்தக் கதவை எத்தனை மணிக்கு, எங்கிருந்து திறந்தீர்கள் என்று தெரியும். இரவு பதினொரு மணிக்கு நான் கோப்புத் திறந்ததை யார் பார்ப்பார்கள் என்று ஒரு தங்கச்சி கேட்டார். பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அறிவித்தல் பலகையில் போட்டோம். பெங்களூரில் உருவான மோசிப் என்ற தளத்தின்மேல், இந்திய நன்கொடையோடு அரசாங்கம் தேசிய டிஜிட்டல் அடையாளத் திட்டமொன்றை முன்னெடுக்கிறது. நாளைக்கு அதுவே வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் விதானையாராகலாம். அந்தத் தங்கச்சியின் கேள்வி அங்கே இன்னும் பெரிதாகும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை இப்போதே கேட்கவேண்டும்.

கணக்காய்வு முடிந்த பிறகு, பிழை எங்களுடையது என்று எழுதிய கடிதமொன்று கொழும்புக்கு அனுப்பப்பட்டது. அவருடைய வேலை நிரந்தரமானது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் தொலைபேசி எடுத்தபோது அவர் எடுக்கவில்லை.

போன மாதம் எங்களிடமிருந்து ஒருவர் விலகினார். பின்னேரம் நாலரைக்கு ஒரு பொத்தானை அழுத்தினேன், நான்கு கதவுகளும் மூடின; அமர்வுகளையும் துண்டித்தேன். மற்ற மூன்றுக்கும் ஒரு கொப்பியில் பட்டியல் வைத்திருக்கிறேன். பழைய பெயர், புதிய பெயர் இரண்டுக்கும் நிரல் போட்டிருக்கிறேன். வரவுப் பதிவு மென்பொருளுக்கு இன்னும் எல்லாக் கிளையிலும் ஒரே கடவுச்சொல்தான். விற்றவரிடம் கேட்டால் அடுத்த பதிப்பில் வருமென்கிறார். மூன்று வருடமாக அதையே சொல்கிறார்.